ஆமையும் குதிரையும்: யாக்கோபு நிருபத்தில் நாவடக்கம்

நன்னெறிக் கல்வியில் ‘மிதமான மனப்பான்மை’ வரும்போது நம்மில் பலருக்கு ஒரு சுருக்கு வழி இருக்கிறது. நாவடக்கத்துக்கு ஒரு குறள், பைபிளிலிருந்து ஒரு வசனம், இன்னும் இரண்டு சமய நூல்களிலிருந்து ஆளுக்கொரு வாசகம். நான்கையும் நான்கு பெட்டிக்குள் போட்டு, “பார்த்தீங்களா, எல்லாச் சமயமும் ஒண்ணைத்தான் சொல்லுது” என்று முடித்துவிடுவோம். பயிற்றி அச்சாகிவிடும். பிள்ளைகளும் கோடிட்ட இடத்தை நிரப்பிக் கொடுத்துவிடுவார்கள். சமய நல்லிணக்கம் என்ற அளவில் அதில் குற்றமில்லை. ஆனால் செய்யுளை வரி வரியாகப் பிரித்துப் படித்துக் கொடுக்கிற தமிழாசிரியர்கள் நாம். பைபிள் வசனம் என்றதும் அந்தப் பழக்கத்தை ஏன் வாசலிலேயே விட்டுவிடுகிறோம்?

இந்தக் கட்டுரை அந்த நான்கு பெட்டியில் ஒன்றை மட்டும் திறந்து பார்க்கிறது. கிறிஸ்துவப் பெட்டியில் பெரும்பாலும் வருவது யாக்கோபு எழுதிய நிருபத்தின் 3ஆம் அதிகாரம். கத்தோலிக்கர்கள் திருமுகம் என்பார்கள், மற்ற சபையினர் நிருபம் என்பார்கள், இரண்டும் கடிதம்தான். மொத்தம் 18 வசனங்கள். நாவு எவ்வளவு சிறிய உறுப்பு, அது எவ்வளவு பெரிய சேதத்தை உண்டாக்கும் என்று குதிரை, கப்பல், நெருப்பு, நீரூற்று, அத்திமரம் எனப் படம் படமாகக் காட்டுகிற பகுதி. மேடைப் பேச்சுக்காரர்களுக்கு மிகவும் பிடித்த அதிகாரம்.

அதிகாரம் யாரைப் பார்த்துத் தொடங்குகிறது என்பதைத்தான் நாம் கவனிப்பதில்லை. நம் பயிற்றிகள் வழக்கமாக 5ஆம் வசனத்திலிருந்து, அந்தச் சின்ன நெருப்பிலிருந்து ஆரம்பிக்கும். முதல் வசனம் விடுபட்டுப் போகும். அந்த முதல் வசனம் பொதுமக்களைப் பார்த்துப் பேசவில்லை, பிள்ளைகளைப் பார்த்தும் பேசவில்லை. கற்பிக்கிறவர்களாக ஆசைப்படுகிறவர்களைப் பார்த்து, ‘இந்த வேலைக்கு நிறையப் பேர் வரவேண்டாம், நமக்குக் கிடைக்கப் போகிற தீர்ப்பு மற்றவர்களுக்குக் கிடைப்பதைவிடக் கடுமையானது’ என்கிற கருத்தில் தொடங்குகிறது. ‘நமக்கு’ என்று எழுதியவர் தன்னையும் சேர்த்தே சொல்கிறார். அதற்குப் பிறகுதான் குதிரையும் கப்பலும் வருகின்றன.

போதகர் யார்?

இது நம் கண்ணில் படாமல் போனதற்கு மொழிபெயர்ப்பும் ஒரு காரணம். கிரேக்க மூலத்தில் உள்ள சொல் ‘டிடாஸ்கலோஸ்’. ஆசிரியர் என்று நேராகப் பொருள். சீர்திருத்தச் சபையினர் பெரும்பாலும் வாசிக்கிற பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதைப் ‘போதகர்’ என்று தருகிறது. அந்தக் காலத் தமிழில் இது சரியான சொல்தான். போதித்தல் என்றால் கற்பித்தல். அதே மொழிபெயர்ப்பில் சீடர்கள் இயேசுவைக் கூப்பிடுவதும் ‘போதகரே’ என்றுதான்.

சொல்லுக்கும் வயதாகும் இல்லையா? இன்றைக்குக் கோலாலம்பூரிலோ ஈப்போவிலோ போதகர் என்றால் சபையை நடத்துகிற பாஸ்டர் மட்டும்தான். அதனால் இந்த வசனத்தைக் கேட்கிற ஒரு கிறிஸ்துவத் தமிழாசிரியர்கூட, “இது பாஸ்டருக்குச் சொன்னது, நமக்கில்லை” என்று சாய்ந்து உட்கார்ந்துகொள்ள முடிகிறது. ‘ஆசிரியர்’ என்று அச்சாகியிருந்தால் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்.

முதல் நூற்றாண்டுச் சபைகளில் ஆசிரியர் என்பது ஒரு தனிப் பொறுப்பு. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் பவுல் சபையின் பொறுப்புகளை வரிசைப்படுத்தும்போது அப்போஸ்தலர், தீர்க்கதரிசி, அடுத்து ஆசிரியர் என்று மூன்றாவது இடம் கொடுக்கிறார். புத்தகம் எல்லார் கையிலும் இல்லாத காலம். ஆசிரியர் வாய்தான் புத்தகம். அவர் தப்பாகச் சொன்னால் சரிபார்க்கக் கேட்பவரிடம் வேறு வழி இல்லை. யாக்கோபின் பயம் இதிலிருந்து வருகிறது என்று நான் வாசிக்கிறேன். யாருடைய நாவுக்குக் கேட்பவர்கள் அதிகமோ, யாருடைய சொல்லை எதிர்த்துப் பேசக் கேட்பவருக்கு வாய்ப்புக் குறைவோ, அவர்தான் முதலில் கடிவாளத்தைப் பிடிக்க வேண்டும். ஒரு தமிழ்ப்பள்ளியின் ஆண்டு 2 வகுப்பில் நிலைமை இன்றும் அதேதான்.

ஆனால் நம் வகுப்பில் நடப்பது என்ன? ஆசிரியர் கொஞ்ச நேரம் வெளியே போனால் வகுப்புத் தலைவர் வெண்பலகையில் பேசினவர்கள் பெயரை எழுதி வைப்பார். அந்தப் பலகையில் ஆசிரியர் பெயர் எந்தக் காலத்திலும் வந்ததில்லை. நாவடக்கம் என்ற பாடமே பேசுகிறவர் கேட்கிறவருக்கு நடத்துகிற பாடமாக ஆகிவிட்டது. யாக்கோபு அதைப் பேசுகிறவர்கள் பக்கம் திருப்பியிருந்தார். நாம் திரும்பவும் தலைகீழாக்கிவிட்டோம்.

அடக்கு என்ற ஒரே சொல்

நிருபத்துக்குள் ஒரு முரண் இருக்கிறது. கவனமாக வாசிக்கிற எந்த மாணவரும் கேட்கக்கூடிய கேள்விதான். முதல் அதிகாரம் 26ஆம் வசனம், தன் நாவை அடக்காதவனுடைய பக்தி வீண் என்கிற பொருளில் பேசுகிறது. இரண்டு அதிகாரம் தள்ளி, 3:8இல், நாவை அடக்க மனிதர் எவராலும் ஆகாது என்று அதே ஆசிரியர் சொல்கிறார். எவராலும் ஆகாத காரியத்தைச் செய்யாவிட்டால் பக்தி வீண் என்றால் அது என்ன நியாயம்?

பழைய தமிழ் மொழிபெயர்ப்பை மட்டும் வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்வது கஷ்டம். இரண்டு இடத்திலும் ‘அடக்கு’ என்ற வினைதான் இருக்கிறது. கிரேக்கத்தில் இவை வேறு வேறு சொற்கள். முதல் இடத்தில் ‘கலினகோகெயோ’, அதாவது கடிவாளம் போட்டு நடத்துவது. கலினோஸ் என்றால் கடிவாளம். குதிரையின் வாயில் மாட்டுகிற அந்தப் பொருளே 3:3இல் வருகிறது. இரண்டாவது இடத்தில் ‘டமாட்ஸோ’. காட்டு விலங்கைப் பழக்கி வீட்டு விலங்காக்குவது, முரட்டுத்தனத்தை முறித்து வசப்படுத்துவது. புதிய ஏற்பாட்டில் இந்த இரண்டாவது வினை மிக அரிது. யாக்கோபு 3:7-8ஐ விட்டால் மாற்கு 5:4இல் மட்டும் இருக்கிறது. அங்கே கல்லறைகளுக்கு நடுவே வாழ்ந்துகொண்டு, கட்டின சங்கிலியை எல்லாம் அறுத்தெறிந்த ஒருவனை யாராலும் வசப்படுத்த முடியவில்லை என்று சொல்லும்போது வருகிறது.

இரண்டையும் பிரித்துவிட்டால் முரண் போய்விடுகிறது. நாவைப் பழக்கி முடித்து, ‘இனிமே பயமில்லை’ என்று கட்டவிழ்த்து விடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அது அந்தக் கல்லறைக்காரனைப் போல. அதனால்தான் கடிவாளம் தேவைப்படுகிறது. தினமும், ஒவ்வொரு வகுப்பிலும், கையில் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டிய கடிவாளம். ‘எனக்குத் தன்னடக்கம் வந்துவிட்டது’ என்று சொல்லிக்கொள்கிற நிலை யாக்கோபின் உலகத்தில் கிடையாது. அதே அதிகாரத்தின் 2ஆம் வசனமும் நாம் எல்லாரும் பலமுறை தடுக்கி விழுகிறவர்கள்தான் என்று ஒத்துக்கொள்கிறது.

மொழிபெயர்ப்பாளரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அடக்கம் என்ற சொல்லுக்குத் தமிழில் அவ்வளவு ஈர்ப்பு. திருக்குறளின் 13ஆம் அதிகாரத்துக்கு அதுவே பெயர். அந்த மணம் வரவேண்டும் என்று நினைத்திருக்கலாம். (இதில் ஒரு வேடிக்கை: கிறிஸ்துவ வீடுகளில் அடக்கம் என்ற சொல் அதிகம் கேட்கப்படுவது இறப்பு அறிவிப்பில். நல்லடக்க ஆராதனை எத்தனை மணிக்கு என்று கேட்பார்கள். வாய் முழுசாக அடங்குவது அன்றைக்குத்தான் என்று யாக்கோபும் ஒத்துக்கொள்வார்போல.) ஆனாலும் அந்த ஒரு சொல்லால் நமக்கு ஒரு நஷ்டம் உண்டு. தமிழில் அடக்குவது என்றால் கீழே அமுக்குவது, ஒடுக்குவது, சத்தம் வராமல் செய்வது என்றும் காதில் விழும். ‘அடக்க ஒடுக்கமான பொண்ணு’ என்று சொல்லும்போது என்ன பொருளில் சொல்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். குதிரைக்குக் கடிவாளம் போடுவது அதை நிறுத்தி வைக்க அல்லவே, ஓட்டிச் செல்ல.

வள்ளுவரின் ஆமை

‘எல்லாரும் ஒண்ணைத்தான் சொல்றாங்க’ என்ற முடிவைக் குறளோடு வைத்துப் பார்ப்போம். அடக்கமுடைமை அதிகாரத்தில் 126ஆம் குறள் ஆமையைக் காட்டுகிறது. ஐந்து புலன்களையும் உள்ளே இழுத்துக்கொள்ளத் தெரிந்தவரின் படம் அது. நாவை மட்டும் பற்றியதல்ல. ஆனால் அடுத்த மூன்று குறளும் சொல்லைப் பற்றியவை என்பதால் ஆமையின் நிழல் அவற்றின் மேலும் விழுகிறது. இழுத்துக்கொள்வது, ஓட்டுக்குள் பத்திரமாக இருப்பது. யாக்கோபு எடுத்துக்கொண்டது குதிரையையும், பெருங்காற்றில் போகிற கப்பலையும். இரண்டும் நகர்கிறவை, இரண்டுக்கும் போய்ச் சேர ஓர் இடம் உண்டு. சிறிய கடிவாளமும் சிறிய சுக்கானும் திசையைத் தீர்மானிக்கின்றன. குறளில் அடக்கம் ஒரு காவல். நாவுக்கு வள்ளுவர் 127இல் பயன்படுத்துகிற வினையும் ‘கா’ என்பதே. அடக்கத்தையே ஒரு செல்வம்போலக் காக்கச் சொல்வது 122ஆம் குறள். யாக்கோபிடம் அது ஓட்டுநர் வேலை.

நெருப்பைப் பாருங்கள், வித்தியாசம் இன்னும் துலங்கும். இரண்டு நூலிலும் நெருப்பு இருக்கிறது, அதனால்தான் பயிற்றியில் பக்கத்தில் பக்கத்தில் போடுகிறோம். 129ஆம் குறளில் சுடப்படுகிறவர் கேட்கிறவர். தீப்புண் ஆறும், சொல்லால் பட்ட புண் ஆறாது என்பது அங்கே பொருள். யாக்கோபு 3:6இல் நெருப்பு முதலில் எரிப்பது பேசுகிறவனைத்தான். நாவு உடல் முழுவதையும் கறைப்படுத்தி, பேசினவனுடைய வாழ்க்கைச் சக்கரத்தையே கொளுத்திவிடுகிறது. அதற்கு நெருப்பு வைப்பதோ நரகம். வள்ளுவர் பேசுகிறவனை விட்டுவிட்டார் என்று சொல்ல வரவில்லை. சொற்குற்றத்தில் சிக்கித் துன்பப்படுகிறவனை 127இல் காட்டுகிறார். ஆனால் நெருப்பு என்ற படத்தை அவர் காயப்பட்டவர் பக்கம் நின்று எழுதினார். யாக்கோபு காயப்படுத்துகிறவன் பக்கம் நின்று எழுதினார்.

எனக்குக் கேட்டால் வகுப்பறைக்கு இரண்டு நெருப்பும் வேண்டும். ‘நீ உருப்பட மாட்டே’ என்று ஆண்டு 3இல் கேட்ட ஒரு பிள்ளை நாற்பது வயதிலும் அந்த வார்த்தையைச் சுமந்துகொண்டிருப்பதை வள்ளுவர் சொல்லிவிட்டார். அப்படிச் சொல்லிச் சொல்லியே பழகிப்போன ஆசிரியருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதை யாக்கோபு சொல்கிறார். முதலாவதைப் பற்றி நாம் கருத்தரங்கு நடத்துவோம். இரண்டாவதைப் பற்றிப் பேச்சே இருக்காது.

வழிபாட்டில் கடவுளைப் புகழ்கிற அதே வாய், கடவுளின் சாயலில் உண்டாக்கப்பட்ட மனிதரைச் சபிப்பது எப்படி என்று 9, 10ஆம் வசனங்கள் கேட்கின்றன. கிறிஸ்துவத்தில் நாவடக்கம் வெறும் நாகரிகமாக இல்லாமல் விசுவாசத்தின் பகுதியாக ஆவது இந்த இடத்தில். எதிரில் இருக்கிறவரைத் திட்டுவது அவரைப் படைத்தவரைத் திட்டுவது. இந்தக் காரணத்தைக் குறளில் தேட முடியாது; தேடவும் கூடாது. அது வேறு நூல், அதன் வலு வேறு இடத்தில் இருக்கிறது. ‘பொதுவான கருத்து’ என்று சுருக்கும்போது முதலில் உதிர்ந்து போவது இந்தக் காரணங்கள்தான். மிஞ்சுவது ‘நல்லதையே பேசு’. அதற்கு இரண்டு பழம்பெரும் நூல் எதற்கு?

வாயில் கல் வைத்தவரும் ஒரு விதிமுறையும்

ஆமை தமிழுக்கு, குதிரை கிறிஸ்துவத்துக்கு என்று கோடு போட்டுவிடவும் முடியாது. எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த ஆதித் துறவிகளில் அகத்தோன் என்பவரைப் பற்றி ஒரு செய்தி உண்டு. மௌனம் கைவரும்வரை மூன்று ஆண்டுகள் வாயில் ஒரு கல்லை வைத்துக்கொண்டு வாழ்ந்தாராம். இதைவிடப் பெரிய ஆமை கிடையாது. 6ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் பெனடிக்ட் தம் மடத்துக்கு எழுதிய ஒழுங்கு நூலில் 6ஆம் அதிகாரம் மௌனத்துக்கானது. அங்கே ஒன்று நடக்கிறது: பேசுவதும் கற்பிப்பதும் ஆசிரியருக்குரியவை, மௌனமாகக் கேட்பது சீடருக்குரியது என்று வேலை பிரிக்கப்படுகிறது. யாக்கோபு ஆசிரியர் தலையில் வைத்த சுமை இப்படித்தான் மெல்ல மாணவர் தலைக்கு நகர்ந்தது. பெனடிக்டுக்கும் நியாயமாக இருக்க வேண்டும். மடத்தலைவர் வார்த்தையைவிட வாழ்க்கையால் அதிகம் கற்பிக்க வேண்டும், தம் பொறுப்பில் உள்ள ஒவ்வொருவருக்காகவும் தீர்ப்பு நாளில் கணக்குக் கொடுக்க வேண்டும் என்று 2ஆம் அதிகாரத்தில் எழுதியவரும் அவர்தான். ஆனால் பள்ளிக்கூடங்களுக்கு வந்து சேர்ந்தது 6ஆம் அதிகாரத்தின் சாயல். 2ஆம் அதிகாரம் வழியிலேயே எங்கோ இறங்கிவிட்டது.

அந்தச் சுமையை மறுபடி கற்பிக்கிறவர்கள் தோளுக்கே கொண்டுவந்த ஒருவரை 20ஆம் நூற்றாண்டில் பார்க்கலாம். ஜெர்மானியப் போதகர் டீட்ரிக் போன்ஹோபர். ஹிட்லரின் ஆட்சிக்குப் பணிய மறுத்த சபையினருக்காக 1935 முதல் ஃபிங்கன்வால்டே என்ற ஊரில் ஒரு பயிற்சி இல்லம் நடத்தினார். எதிர்காலத்தில் பிரசங்கம் செய்யப் போகிறவர்களுக்கான இடம். ஒருவகையில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. அங்கே அவர் வைத்த விதி சுருக்கமானது. உடன் இருக்கும் ஒருவரைப் பற்றி அவர் இல்லாத இடத்தில் பேசக்கூடாது. தவறிப் பேசிவிட்டால், பேசியதைப் பிறகு அவரிடமே போய்ச் சொல்லிவிட வேண்டும். அந்த இல்லத்தை 1937இல் ரகசியப் போலீஸ் மூடியது. அந்த அனுபவத்திலிருந்து அவர் எழுதிய சேர்ந்து வாழ்தல் பற்றிய நூல் 1939இல் வந்தது. ஒருவருக்கொருவர் செய்ய வேண்டிய பணிகளை அதில் வரிசையாகச் சொல்கிறார். பிரசங்கம் கடைசிப் பக்கம் போய்விட்டது. முதல் பணி நாவை அடக்கிக்கொள்வது. காது கொடுத்துக் கேட்பதும் பிரசங்கத்துக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. உதவுகிறேன் என்ற போர்வையில் மறைவாகப் பேசுவதையும் அவர் விட்டுவைக்கவில்லை. வெறுப்பு நுழைவதற்கு அதுதான் வசதியான வாசல் என்று நினைத்தார்.

இதை ஆசிரியர் அறையில் வைத்துப் படித்துப் பாருங்கள். ஜனவரியோ மார்ச்சோ, புதுத் தவணை எப்போது தொடங்கினாலும் ஒரு சடங்கு நடக்கும். போன வருஷ வகுப்பாசிரியர் இந்த வருஷ ஆசிரியரிடம் பட்டியலை ஒப்படைப்பார். “அவனா? அண்ணனும் அப்படித்தான், தம்பியும் அப்படித்தான். பார்த்துக்குங்க டீச்சர்.” கெட்ட எண்ணம் இல்லை, உதவிதான். ஆனால் அந்தப் பையன் புது வகுப்பில் காலை வைப்பதற்கு முன்பே அவனைப் பற்றிய தீர்ப்பு அவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது. ஆறு வருஷம் ஒரே பள்ளி. அந்தத் தீர்ப்பும் ஆண்டுக்கு ஆண்டு தேர்ச்சி பெற்று மேலே போகும்.

போன்ஹோபரின் விதியை அப்படியே பள்ளிக்குக் கொண்டுவர முடியுமா? முடியாது என்றே நினைக்கிறேன். ஒரு பிள்ளை வீட்டில் சாப்பாடு இல்லாமல் வருகிறான், ஒருத்திக்கு வாசிப்பில் சிக்கல் என்றால் அவர்கள் இல்லாத இடத்தில்தான் ஆசிரியர்கள் பேசியாக வேண்டும். பேசாமல் இருப்பது அங்கே கடமை தவறுவது. விதியின் இரண்டாம் பகுதிதான் நமக்குப் பயன்படும். நான் பேசியதை அந்தப் பிள்ளையிடம், அல்லது அவன் பெற்றோரிடம், முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? ‘அவனுக்குப் பெருக்கல் வாய்ப்பாடு இன்னும் பிடிபடவில்லை’ என்பதைச் சொல்ல முடியும். ‘அண்ணனும் அப்படித்தான்’ என்பதை முடியாது. வாட்ஸ்அப் குழுவுக்கும் இதையே வைத்துப் பார்க்கலாம். அங்கே கடிவாளம் வாயில் இருந்து பிரயோஜனம் இல்லை, கட்டைவிரலில் இருக்க வேண்டும்.

அடக்கமும் வாய்ப்பூட்டும்

நாவடக்கத்தை முதல் பணியாக வைத்த இந்த மனிதர், பேச வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டவர் அல்லர். அரசின் கொடுமைக்கு ஆளானவர்களுக்குத் திருச்சபை கடமைப்பட்டிருக்கிறது என்று 1933இலேயே எழுதினார். 1940இல் அவர் பொது இடத்தில் பேசக்கூடாது என்று நாஜி அரசு தடை போட்டது. 1945 ஏப்ரல் 9ஆம் தேதி ஃப்ளோசன்பர்க் முகாமில் அவரைத் தூக்கிலிட்டார்கள். தானே பிடிக்கிற கடிவாளத்துக்கும் அடுத்தவர் போடுகிற வாய்ப்பூட்டுக்கும் உள்ள தூரம் அவர் ஒருவர் வாழ்க்கையிலேயே தெரிகிறது. நம் பாடத்தில் இந்த இரண்டையும் ஒரே சொல்லால் குறிக்கிறோம்.

யாக்கோபும் அப்படித்தான். நாவைப் பற்றி இவ்வளவு எச்சரித்தவர், 5ஆம் அதிகாரத்துக்கு வந்ததும் அறுவடைக்காரர்களின் கூலியைப் பிடித்து வைத்துக்கொண்ட பணக்காரர்களைப் பார்த்துக் கூசாமல் பேசுகிறார். அங்கே கொடுக்கப்படாத கூலியே வாய் திறந்து கத்துகிறது என்று ஒரு படம். நம் தமிழ்ப்பள்ளிகளில் பல, தோட்டத்துக் கூலிக்காரர் பிள்ளைகளுக்காகத் தொடங்கியவை. அந்த வரியை நம்மைவிட நன்றாகப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் யார்? ஆனால் நாவடக்கப் பயிற்றியில் அந்த அதிகாரத்தை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. வள்ளுவரையும் இப்படியே அரைகுறையாக எடுத்துக்கொள்கிறோம். அடக்கமுடைமையைக் கற்பிக்கிற நாம், அதே வள்ளுவரின் 65ஆம் அதிகாரமான சொல்வன்மையைப் பேச்சுப் போட்டி வரும்போது மட்டும் தூசு தட்டுகிறோம். அடக்கமுடைமைக்குள்ளேயே 125ஆம் குறள், பணிவு எல்லாருக்கும் நல்லது என்றாலும் செல்வர்க்கு அது இன்னொரு செல்வம் என்கிறது. அவரும் மேலே இருக்கிறவரைத் தனியாகத் திரும்பிப் பார்த்திருக்கிறார்.

நன்னெறிக் கல்வியில் மிதமான மனப்பான்மை ஒரு நெறி என்றால் துணிவும் ஒரு நெறி. முதலாவதைச் சத்தம் போடுகிற பிள்ளைக்கும் இரண்டாவதைப் புத்தகத்துக்கும் ஒதுக்கிவிட்டோமோ என்று சந்தேகம் வருகிறது. தேர்ச்சி அறிக்கையில் ‘அடக்கமான மாணவி’ என்று எழுதும்போது, அவள் கடிவாளத்தைப் பிடிக்கத் தெரிந்தவளா, இல்லை வாயைத் திறக்கவே பயப்படுகிறவளா என்று நமக்குத் தெரியுமா? இரண்டு பேருமே வகுப்பில் ஒரே மாதிரிதான் உட்கார்ந்திருப்பார்கள்.

நிருபத்தை வைக்கோல் என்று மார்ட்டின் லூத்தர் 1522இல் எழுதிய முன்னுரையில் ஒதுக்கினது பிரபலம். விசுவாசத்தைவிடச் செயலை அதிகம் பேசுகிறது என்பது அவர் குறை. அந்த இறையியல் வழக்குக்குள் நாம் போக வேண்டியதில்லை. ஆனால் அவர் குறையாகப் பார்த்ததுதான் இந்தக் கடிதத்தைக் கிறிஸ்துவர் அல்லாத வகுப்பறைக்குள்ளும் கொண்டுவர முடிகிற கடிதமாக ஆக்குகிறது. நீ என்ன நம்புகிறாய் என்று அது கேட்பதில்லை. உன் வாயிலிருந்து என்ன வருகிறது, அது யார் மேல் விழுகிறது என்றுதான் கேட்கிறது.

பயிற்றியைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. ஆண்டு 5, 6 பிள்ளைகளிடம் இரண்டு விலங்கையும் வரையச் சொல்லலாம். எந்த நேரத்தில் ஆமையாக இருப்பது சரி, எந்த நேரத்தில் குதிரை வேண்டும் என்று அவர்களே இடம் சொல்வார்கள். பிள்ளைகள் இதில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள், கேலிக்கு ஆமை, அநியாயத்துக்குக் குதிரை என்று பிரித்துக் காட்டுவார்கள். அண்ணன் தம்பி சண்டைக்கு எது என்பதில்தான் வகுப்பு இரண்டாகும், விட்டுவிடுங்கள். இடைநிலைப்பள்ளியில் இலக்கியம் எடுக்கிறவர்கள் 129ஆம் குறளையும் யாக்கோபின் நெருப்பையும் கொடுத்து, ‘இங்கே தீக்காயம் யாருக்கு?’ என்று மட்டும் கேட்டால் போதும், ஒரு பாடவேளை ஓடிவிடும். கோடிட்ட இடங்கள் அப்படியே இருக்கட்டும். அவற்றுக்கு மேலே புதிதாக ஒரே ஒரு கேள்வி சேர்க்க வேண்டும்: இந்தப் பகுதி முதலில் யாரைப் பார்த்து எழுதப்பட்டது? நான்கு வசனம் மேலே போய்ப் பார்த்தால் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடித்ததும் நிமிர்ந்து நம் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.